பதிமூன்று கொண்டையும் மூன்று தாய்மாமன்களும்

1972ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. கத்திரி வெயில். புளியமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் நின்றது. முதலில் ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது, பிறகு இரண்டு தோல் பைகள், பிறகு என் மாமா, கடைசியில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. மணி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். மாமா கையில் கடிகாரம் கட்டியிருந்தார். நான் முதலில் பார்த்தது அதைத்தான். இரண்டாவதாகப் பார்த்தது அந்தப் பெண்ணின் தலையை.

தலை முழுக்கக் கட்டம் கட்டமாக வகிடு எடுத்து, ஒவ்வொரு கட்டத்து முடியையும் முறுக்கிச் சுருட்டி, நெல்லிக்காய் அளவுக்குக் கொண்டை போட்டிருந்தது. பஸ் கிளம்பிப் புழுதி அடங்குவதற்குள் எண்ணிவிட்டேன். முன்னால் நான்கு, நடுவில் நான்கு, பின்னால் ஐந்து. மொத்தம் பதிமூன்று.

எனக்கு அப்போது பத்து வயது. எண்ணுவது அப்போதே பிடித்துக்கொண்ட வியாதி. பிற்பாடு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் இருபத்திரண்டு வருஷம் போல்ட்டும் நட்டும் எண்ணிச் சம்பளம் வாங்கினேன் என்றால் அந்த வியாதிதான் சோறு போட்டது. இன்று அதே கூட்டுரோட்டில் மேம்பாலம் நிற்கிறது. கார்களை அடுக்கிக்கொண்டு போகும் லாரியில் எட்டா, ஒன்பதா என்று எண்ணி முடிப்பதற்குள் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துவிடுகிறான். சரியாக எண்ணினோமா என்ற கவலையில் அன்றைக்கு மத்தியானத் தூக்கம் போய்விடும்.

மாமா என் அம்மாவின் தம்பி. பத்து வருஷம் ஆப்பிரிக்காவில், ஜாம்பியாவில், கணக்கு வாத்தியாராக இருந்தார். பத்து வருஷத்தில் முப்பத்தோரு கடிதம் போட்டார். அவற்றில் இரண்டில் மட்டும் தலா ஒரு வரி வீட்டு விஷயம் இருந்தது. ஒன்றில், இங்கே ஒரு டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டேன். ஏழு வருஷம் கழித்து வந்ததில், அவள் காய்ச்சலில் காலமாகிவிட்டாள். மற்ற இருபத்தொன்பதிலும் அந்த ஊர் மழையைப் பற்றி எழுதியிருந்தார். அம்மா அந்த ஒரு வரி டீச்சருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஊரைக் கொடுத்து, கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாத அநாதைப் பெண் என்று தீர்மானித்து, எங்கள் ஊர் வல்லம் வடகால் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள். போட்டோ எதுவும் வரவில்லை, ஆகவே மறுப்பதற்கும் ஆள் இல்லை. வந்து இறங்கிய பெண்ணும் எங்கள் நிறத்தில்தான் இருந்தாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அடுத்தவர் நிறத்தைப் பற்றிப் பேசும் தகுதி கிடையாது.

தலைதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

“இன்னாடா தம்பி இது, கொயந்த தலையில எலந்தப்பயத்தக் கொட்டி வெச்சா மாரி கீது?”

“வழியில கலையக் கூடாதுன்னு அங்க ஒருத்தவங்க போட்டு உட்டாங்கக்கா” என்றார் மாமா. அந்த ஒருத்தர் யார் என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“வா கண்ணு, அத்த அவுத்துட்டு எண்ண தேச்சு ரெட்ட ஜட போட்டு உடறேன்” என்று அம்மா கை நீட்டினாள். அந்தப் பெண் இரண்டடி பின்னால் போனாள்.

“என் தலையைத் தொட வேண்டாம்” என்றாள்.

அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் மாமா ஒருவர்தான். பேச ஆள் இல்லாத ஊரில் பாடப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதனால் அவள் பேசுவது எங்கள் பள்ளிக்கூடத்து வாசகம் போலவே இருக்கும். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “இன்னாடா, கலெக்டர் ஆபீஸ்லர்ந்து நோட்டீஸ் வந்தா மாரி பேசுது” என்றாள்.

ஏன் தொடக் கூடாது என்று கேட்டதற்கு அவள் சொன்ன காரணத்தில் எந்த வளைவும் இல்லை. “அவிழ்த்தால் மீண்டும் யார் கட்டுவார்? உங்களுக்குக் கட்டத் தெரியுமா?” அம்மாவுக்குத் தெரியாது. “அப்படியானால் வேண்டாம்.”

அடுத்த எட்டு நாளும் வீட்டில் இதே பேச்சுதான். அம்மா சீயக்காய் அரைத்து வைத்தாள். மல்லிகைப் பூ நான்கு முழம் வாங்கி, ஜடை போட்டால்தான் பூ வைக்க முடியும் என்றாள். அவள் பூவை வாங்கிக் கொண்டைகளைச் சுற்றிக் கழுத்து மாலை மாதிரி போட்டுக்கொண்டாள். தூங்கும்போது தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். கிணற்றடியில் எதிர்வீட்டுப் பெரியம்மா என்னைப் பிடித்து, “டேய், உம் பொண்டாட்டி தலையில இன்னாடா, போண்டா சுட்டு வெச்சினுகிறா?” என்றாள். மாமா மகள் முறைப்பெண் அல்லவா. எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து அவளிடமே கோபித்துக்கொண்டேன். அவள், “போண்டா என்றால் என்ன?” என்று மட்டும் கேட்டாள்.

இந்தத் தலைக்கட்டுக்கு ஒரு பெயர் உண்டு என்பதே எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. தண்டலம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். பக்கத்துக் காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி எனக்கு முன்னால் நின்றாள். ஜாம்பியாக்காரி என்பது பிறகு தெரிந்தது. தலை முழுக்க அதே கொண்டைகள். நான் எண்ணத் தொடங்கினேன். அவள் திரும்பினாள்.

“இன்னா தாத்தா, எண்ணிக்கினே கீறீங்க? எத்தினி வந்துச்சு?”

ஹாஸ்டல் கேன்டீனில் கற்ற தமிழாம். பதினாறு என்றேன். “பதினேழு தாத்தா. காதுக்குப் பின்னால ஒண்ணு கீது” என்று திருப்பிக் காட்டினாள்.

பஸ் வர இருபத்தாறு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் ஆங்கிலமும் தமிழும் கலந்து நிறையச் சொன்னாள். இங்கிலீஷில் இதை பாண்டு முடிச்சு என்பார்கள். பாண்டு என்றால் அவர்கள் பக்கத்துப் பல மொழிகளில் மனிதர்கள் என்று பொருள். நூற்றுக்கணக்கான வருஷங்களாக அந்தக் கண்டத்தின் தெற்கிலும் நடுவிலும் இருக்கிற பல இனத்து ஆணும் பெண்ணும் போட்டு வந்த கட்டு இது. முடியை ஈரப்படுத்த வேண்டும். சதுரமாகவோ முக்கோணமாகவோ பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பிரிவையும் எண்ணெய் தொட்டு, தானாகவே வளைந்து மடங்கும் வரைக்கும் ஒரே திசையில் முறுக்க வேண்டும். மடங்கியதும் அதன் அடியைச் சுற்றியே சுற்றி, நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். கிளிப்போ ரப்பரோ தேவையில்லை, சுருட்டை முடி தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். அவள் அம்மா, சித்தி, அத்தை என்று வீட்டுப் பெண்கள் யாராவது முழங்காலுக்கு நடுவில் உட்கார வைத்துக் கட்டிவிடுவார்களாம். “வேற நாட்டுல மாடலுங்க போட்டுக்கினு புதுசா பேர் வெச்சாங்க தாத்தா. எங்களுக்கு செம காண்டு” என்றாள்.

அன்று சாயந்திரமே மாமா மகளுக்குப் போன் செய்தேன். பேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றுக் குன்றத்தூரில் இருக்கிறாள். நான் விளக்கி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “அதெல்லாம் எனக்கு எட்டு வயசுலயே தெரியும். ஒனக்குத்தான் இப்ப தெரிஞ்சிருக்கு” என்று வைத்துவிட்டாள்.

எட்டு வயதில் அவளுக்குத் தெரிந்ததை அப்போதே நான் பார்த்தும் இருக்கிறேன். அது மே 30, செவ்வாய்க்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, “நீ பையன், ஒன் வெரலு சின்னது. ஒண்ணே ஒண்ணு அவுத்துடு. ஒண்ணு அவுந்தா மத்தத அவளே அவுத்துக்குவா” என்றாள். கூலியாக இரண்டு வெல்ல அச்சு கிடைத்தது.

பின்வரிசையில் நடுக் கொண்டையைத் தேர்ந்தெடுத்தேன். நுனியைத் தேடி எடுத்து எதிர்த்திசையில் ஏழு சுற்றுச் சுற்றினேன். எட்டாவது சுற்றில் என் கையைவிட்டுத் தானாகவே பிரிந்து எழுந்து நின்றது. எங்கள் ஊரில் நான் பார்த்த முடி எல்லாம் கீழே தொங்கும். இது பேனாவுக்குள் இருக்கும் சுருள்கம்பி போலக் குதித்தது. இழுத்தால் நீண்டது. விட்டால் பழைய இடத்துக்கே போனது. எனக்கு அதில் அத்தனை சந்தோஷம், நான்கைந்து முறை இழுத்து விட்டேன். ஆறாவது முறை அவள் விழித்துக்கொண்டாள்.

பின்னந்தலையைத் தடவிப் பார்த்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தானே கட்டிப் பார்த்தாள். பின்வரிசை அவள் கைக்கு அடங்கவில்லை. பிறகு எழுந்து போய் ஒரு லோட்டாத் தண்ணீரும் தேங்காயெண்ணெய்க் கிண்ணமும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“நீ அவிழ்த்தாய். நீ கட்டு.”

நான்கு முறை கட்டினேன், நான்கு முறையும் பிரிந்தது. ஒவ்வொரு முறையும், “இன்னும் முறுக்கு. அது தானாக மடங்கும்” என்று சொன்னாளே தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. ஐந்தாவது முறை நின்றது. நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கையில் அகப்பை இருந்தது, அதிலிருந்து ரசம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

மறுநாள் காலை அம்மாவுக்கு ஒரு வேண்டுதல் ஞாபகம் வந்தது. தம்பி கப்பலேறிப் போனபோதே, அவன் நல்லபடியாகத் திரும்பி வந்தால் அவன் பிள்ளைக்குக் குன்றத்தூர் மலையில் மொட்டை போடுவதாக முருகனிடம் சொல்லியிருந்தாளாம். கல்யாணமே ஆகாத தம்பிக்குப் பிள்ளை பிறக்கும் என்று அப்போதே கணக்குப் போட்ட அம்மாவை நினைத்துப் பெருமைப்பட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையே போயாக வேண்டும் என்றாள். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “சாமி காரியம்டா, குறுக்க பேசாத” என்றதும் மூடிக்கொண்டார். பஸ்ஸுக்குப் பணம் சேர்த்தாகிவிட்டது, மொட்டைச் சீட்டுக்கு ஒரு ரூபாய் குறைந்தது. அதை என் உண்டியலிலிருந்து எடுத்தாள். நெல் விற்றதும் தருகிறேன் என்றாள்.

ஜூன் 4. ஐந்து பேர், இரண்டு பஸ். மாமா மகளுக்கு மொட்டை என்ற விஷயத்தைப் பஸ்ஸில்தான் சொன்னார்கள். அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். என்னிடம் திரும்பி, “யார் இறந்தார்கள்?” என்று கேட்டாள்.

“யாரும் சாகல.”

“பிறகு ஏன்?”

சாமிக்கு என்றேன். அவள் நம்பவில்லை. இரண்டாவது பஸ்ஸில் மறுபடி கேட்டாள். கோயில் அடிவாரத்தில் மூன்றாவது முறை கேட்டபோது அவள் கண் என்னிடம் இல்லை, மாமா மேல் இருந்தது. மாமா நன்றாகத்தான் இருந்தார், தலையில் துண்டு போட்டுக்கொண்டு நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. படி ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் எண்ணினேன். இரண்டு எண்ணிக்கை வந்தது. அந்தச் சந்தேகம் வேறு எனக்கு.

முடி இறக்கும் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எங்களுக்கு முன்னால் பதினோரு தலை. எங்கள் முறை வந்ததும் நாவிதர் கிண்ணத்தில் தண்ணீரை மாற்றிக்கொண்டே, எல்லாரிடமும் கேட்கிற மாதிரி கேட்டார்.

“தாய்மாமன் யாருப்பா? வந்து ஒக்காரு. மடியில வெச்சிக்கோ.”

முதல் மொட்டை தாய்மாமன் மடியில்தான் போட வேண்டும். அம்மா அதற்கும் ஏற்பாட்டுடன்தான் வந்திருந்தாள். “இந்தக் கொயந்திக்குத் தாய்மாமன் கெடையாதுங்க. எங்கூட்டுக்காரரு ஒக்காருவாரு” என்றாள். அப்பா வேட்டியை மடித்துக்கொண்டு சம்மணம் போட்டார்.

மாமா மகள் உட்காரவில்லை. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். பிறகு நாவிதரைப் பார்த்து, ஒப்பிப்பதுபோல் உரக்கச் சொன்னாள்.

“எனக்கு மூன்று மாமன்கள் இருக்கிறார்கள். என் தாயுடைய சொந்தச் சகோதரர்கள். பெரிய மாமன் ரயில் ஓட்டுகிறார். நடு மாமன் செப்புச் சுரங்கத்தில் வேலை செய்கிறார். சின்ன மாமன் படிக்கிறார்.”

நாவிதர் கத்தியைக் கீழே வைத்தார். “இன்னாம்மா, கெடையாதுன்னீங்க? மூணு பேரு கீறாங்கன்னுது?”

“அவங்க இங்க இல்லீங்க. கடல் தாண்டி எங்கியோ…”

“எங்க இருந்தா இன்னா? உசுரோட கீறாங்க இல்ல? அவங்களாண்ட ஒரு வார்த்த கேக்காம நான் கத்தி வெச்சிட்டு, நாளிக்கி அவன் வந்து எங் கழுத்தப் புடிச்சா?”

வரிசையில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? கிடாமீசைக்காரர் ஒருவர், “ஒரு மாமன் இருந்தாலே கேக்கணும். மூணு மாமன் இருக்க சொல்லோ அத்த புருசன் மடியில வெச்சா, அது இன்னா மொற?” என்றார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அம்மாள், “எங்கூட்ல இப்டித்தான் எங்க அண்ணனக் கேக்காம காது குத்திட்டு, ஆறு வருசம் பேச்சு கெடையாது” என்றாள். ரயில் ஓட்டுகிற மாமன் சம்பளம் எவ்வளவு என்று ஒருவர் விசாரித்தார். அவர்கள் எந்த நாட்டு மனிதர்கள், எப்படி இருப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாய்மாமன் தாய்மாமன்தான்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். பத்து வருஷம் மழையைப் பற்றியே எழுதிய மாமா அன்றைக்குத்தான் ஒரு முழு வாக்கியம் சொன்னார். “ஆமாங்க்கா. மூணு பேரு. இந்தத் தலைய வாரினது இவளோட சித்தி. எம் பொண்டாட்டியோட தங்கச்சி.”

அம்மா என் மாமா மகளின் கைகளைப் பார்த்தாள். பத்து விரலும் தலையில் அழுந்தியிருந்தன. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாவிதரிடம் திரும்பினாள்.

“வேணாங்க. அவங்க மாமனுங்களுக்கு லெட்டர் போட்டுக் கேட்டுட்டு அப்பால பாத்துக்கறோம்.”

“அதான் மொற” என்று நாவிதர் அடுத்த தலையைக் கூப்பிட்டார்.

லெட்டர் போட்டார்கள். ஆகஸ்டில் பதில் வந்தது. பெரிய மாமன் இங்கிலீஷில் எழுதியிருந்ததை என் மாமா வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். எங்கள் தங்கை இறந்தபோது இந்தக் குழந்தையின் தலையை நாங்கள் மழித்தோம். அது எங்கள் வழக்கம். அதற்குப் பிறகு வளர்ந்த முடி இது. இப்போது உங்கள் வீட்டில் யார் இறந்தார்கள்? எங்களுக்கு மறைக்காமல் எழுதவும்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தன் முழங்காலுக்கு நடுவில் உட்கார வைத்துக்கொண்டாள். “யாரும் சாவலன்னு எயுது. எல்லாரும் நல்லா கீறோம்னு எயுது. கட்டறது எப்டின்னு இவ சித்தியக் கேட்டு எயுதச் சொல்லு. இவ சொல்றது எனக்கு வெளங்கல” என்று மாமாவிடம் சொன்னாள்.

எனக்கு அன்று இவற்றில் ஒன்றும் புரியவில்லை. சாகாதவர்களுக்காக வழியெல்லாம் ஒருத்தி மூன்று முறை பயந்ததும் புரியவில்லை. அம்மா தன் வேண்டுதல்களை எல்லாம் ஊருக்கே கேட்கும்படிதான் செய்வாள். ஆடி, தை, எருமை கன்று போட்டது, என் டைபாய்டு என்று அவள் பாக்கி வைத்திருந்த ஏழையும் நான் மனப்பாடமாகச் சொல்வேன். அந்த ஏழில் குன்றத்தூர் மொட்டை இல்லை. செவ்வாய்க்கிழமை ஒரு கொண்டை பிரிந்து எழுந்ததையும் புதன்கிழமை ஒரு வேண்டுதல் பிறந்ததையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஊர் கண்ணில் படுவதற்குள் அந்த முடியை இல்லாமல் ஆக்கிவிட ஓடியவள், அத்தனை பேர் நடுவில் அந்த மூன்று பேரையும் உறவென்று ஒப்புக்கொண்டு இறங்கி வந்தாள் என்பதும் எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மொட்டை போடவில்லை, சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மாட்டார்கள். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே சொல்லி அழுதேன். அம்மா என்னை அதட்டவில்லை. நெல் விற்ற பிறகும் கேட்டேன், பொங்கலுக்கும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். கடைசிவரை அது வரவில்லை. ஒரு ரூபாய்.